16 மணி நேரம் எல்லோருக்கும் ஒரே சுமையா?

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, தென்மாவட்டத்தில் உள்ள ஓர் அரசு உதவிபெறும் கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் துறைத்தலைவராக அண்மையில் பொறுப்பேற்றிருக்கிறேன். துறையில் என்னையும் சேர்த்து எட்டுப் பேர். நானும் இன்னொருவரும் இணைப் பேராசிரியர்கள். மற்ற அறுவர் உதவிப் பேராசிரியர்கள். வரும் ஒற்றைப்படைப் பருவத்துக்கு வாரம் 132 மணி நேரம் வகுப்பு வருகிறது. விதிப்படி உதவிப் பேராசிரியர்களுக்கு 16 மணி, எங்கள் இருவருக்கும் 14 மணி என்று பிரித்தேன். மீதமிருந்த 8 மணியை அனுபவமுள்ள நான்கு உதவிப் பேராசிரியர்களுக்கு இரண்டிரண்டாகக் கொடுத்தேன். எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள் என்று நினைத்தேன். ஆனால் சென்ற ஆண்டு பணியில் சேர்ந்த இளம் ஆசிரியை, தனக்கு மூன்று எழுத்துத்தாள்களும் ஒரு செய்முறை வகுப்பும் வந்திருப்பதாகவும், மூன்றுமே தான் இதுவரை நடத்தாத தாள்கள் என்றும், போதாததற்குக் கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் தேசியக் குழுவான நாக்குக்கு (NAAC) உரிய கோப்புகளும் தன் தலையில் இருப்பதாகவும் சொல்லிக் கண் கலங்கினார். மூத்தவரோ முதுகலை வகுப்புகள் மட்டுமே எடுப்பேன் என்கிறார். முதல்வரிடம் சென்றால், “மணி சரியாக இருக்கிறதல்லவா, பிறகென்ன பிரச்சினை?” என்கிறார். பணிச்சுமையைக் கணக்கிடுவதற்கும் சமன்செய்வதற்கும் முறையான வழி இருக்கிறதா?

பதில்: அன்புள்ள துறைத்தலைவர் அவர்களுக்கு, தாங்கள் விதியை மீறவில்லை. விதி கேட்டதைச் செய்திருக்கிறீர்கள். ஆனால் அந்த விதி எந்தக் கேள்விக்கு விடையாக எழுதப்பட்டதோ அந்தக் கேள்வியை உங்கள் சக ஆசிரியர்கள் கேட்கவில்லை. சிக்கல் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன்.

பணிச்சுமை என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு வெவ்வேறு கணக்குகளைக் குறிக்கிறோம். ஒன்று, கல்லூரி மேலே அனுப்பும் கணக்கு: துறைக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு வருகிறது, அதற்கு எத்தனை பணியிடங்கள் தேவை என்று மண்டல இணை இயக்குநர் அலுவலகத்துக்குக் காட்டும் பணியிட நிர்ணயக் கணக்கு. மற்றொன்று, இருக்கும் எட்டுப் பேருக்குள் வேலையை நியாயமாகப் பகிரும் கணக்கு. முதலாவதற்கு மணி நேரம் போதும். அங்கே மணி நேரத்தைத் தவிர வேறெதையும் யாரும் கேட்பதுமில்லை. இரண்டாவதற்கு மணி நேரம் தொடக்கம் மட்டுமே. முதல் கணக்குக்கான அளவுகோலை இரண்டாவதற்கும் அப்படியே வைத்துவிடுவதால்தான், தாளில் எல்லாம் சரியாக இருந்தும் துறைக்குள் மனக்கசப்பு வளர்கிறது.

விதி உண்மையில் என்ன சொல்கிறது என்பதை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, முழுநேர ஆசிரியரின் பணி வாரத்துக்கு 40 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. ஆண்டுக்கு 30 வேலை வாரங்கள், அதாவது 180 கற்பித்தல் நாள்கள். இந்த 40 மணிக்குள்தான் நேரடிக் கற்பித்தல் உதவிப் பேராசிரியருக்கு 16 மணி, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி. ஆண்டுக் கணக்கில் 1,200 மணி நேரப் பணியில் உதவிப் பேராசிரியர் வகுப்பறையில் நிற்பது 480 மணி நேரம். எஞ்சிய 720 மணி நேரமும் பணிதான் என்பதை விதியே ஏற்றுக்கொள்கிறது. பாடம் தயாரித்தல், விடைத்தாள் திருத்துதல், மாணவர்களை நெறிப்படுத்துதல், ஆய்வு, நிர்வாகம் ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். ஆய்வுக்கென்று வாரம் குறைந்தது 6 மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்று 2010ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகளும் சொல்லியிருந்தன. ஆகவே உங்கள் முதல்வர் “மணி சரியாக இருக்கிறது” என்று சொல்லும்போது அவர் பார்ப்பது ஐந்தில் இரண்டு பங்கை. சண்டை நடப்பது மீதி மூன்று பங்கில்.

அந்த மூன்று பங்கை உங்கள் கடிதத்தில் உள்ள இருவருக்கும் கணக்கிட்டுப் பார்ப்போம். இளம் ஆசிரியைக்கு முதலாண்டு முதன்மைப் பாடம் 5 மணி, இயற்பியல் மாணவர்களுக்கான சார்புப் பாடம் 4 மணி, புதிய பாடத்திட்டத்தில் வந்த இரண்டாமாண்டுத் தாள் 4 மணி, செய்முறை 3 மணி என்று 16 மணி இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். முதன்முறையாக நடத்தும் தாளில் ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரத் தயாரிப்பு என்பது மிகையன்று. வேதியியலில் சில பகுதிகளுக்கு அதுவும் போதாது. எழுத்துத்தாள்களின் 13 மணிக்கு 26 மணி நேரம் தயாரிப்புக்கே போய்விடும். வகுப்புக்கு 60 மாணவர்கள், பருவத்துக்கு இரண்டு அகமதிப்பீட்டுத் தேர்வுகள் என்றால் மூன்று தாள்களுக்கு 360 விடைத்தாள்கள். ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றாலும் 60 மணி நேரம். 15 வாரப் பருவத்தில் வாரத்துக்கு 4 மணி நேரம். கூட்டினால் வாரம் 46 மணி நேரம் வருகிறது. இதில் நாக் கோப்புகளும் இல்லை, ஆய்வுக்கான ஒரு நிமிடமும் இல்லை.

மூத்தவருக்கு முதுகலை எழுத்துத்தாள்கள் இரண்டு, ஒவ்வொன்றும் 5 மணி; முதுகலைச் செய்முறை 4 மணி. முதுகலைப் பாடத்துக்குப் புதிய ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால், பல ஆண்டு அனுபவம் இருந்தாலும் ஒரு மணிக்கு ஒன்றரை மணி நேரத் தயாரிப்பு என்று தாராளமாகவே வைப்போம்: 15 மணி நேரம். வகுப்புக்கு 20 மாணவர்கள் என்றால் இரண்டு தாள்களுக்கும் 80 விடைத்தாள்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஆக 30 மணி நேரம். அவரிடம் முனைவர் பட்ட மாணவர்கள் நால்வர் இருந்து, ஒருவருக்கு வாரம் ஒரு மணி நேரம் செலவிட்டால் 34. அதற்கு மேல் தம் ஆய்வுக்கு 6 மணி நேரம் அவருக்குத் தாராளமாகக் கிடைக்கிறது.

இந்த எண்களைத் துல்லியமானவை என்று நான் சொல்லவில்லை. தயாரிப்பு நேரம் ஆளுக்கு ஆள், தாளுக்குத் தாள் மாறும். ஆனால் 14க்கும் 16க்கும் இடையில் இரண்டு மணி நேர வேறுபாடு மட்டுமே இருப்பதாகத் தாளில் தெரிந்த இடத்தில், உண்மையில் பன்னிரண்டு மணி நேர இடைவெளி இருக்கிறது என்பதைக் காண இவ்வளவு கணக்கு போதும். அந்த ஆசிரியை கண் கலங்கியதற்குக் காரணம் இருக்கிறது. அதைப் பணிக்குப் புதியவரின் பதற்றம் என்று யாரும் ஒதுக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, சமன்செய்யும்போது எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். என் அனுபவத்தில் மணி நேரத்துக்கு அடுத்தபடியாக ஓர் ஆசிரியரின் சுமையை நிர்ணயிப்பது அவர் தயாரிக்க வேண்டிய தனித்தனித் தாள்களின் எண்ணிக்கை. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சங்கம் 1969இல் வெளியிட்ட பணிச்சுமை அறிக்கை, இளங்கலை ஆசிரியருக்கு வாரம் 12 மணி நேரம் என்ற உச்சவரம்பை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளவில்லை. ஓராண்டில் ஆறுக்கு மேற்பட்ட தனித்தனித் தயாரிப்புகள் இருக்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னது. நம் ஒழுங்குமுறைகளில் இந்த இரண்டாவது வரம்பு இல்லை. இல்லாததால் அதைத் துறைத்தலைவர்தான் தம் மேசையில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரே தாளை இரண்டு பிரிவுகளுக்கு நடத்துவதும் இரண்டு வெவ்வேறு தாள்களை நடத்துவதும் கால அட்டவணையில் ஒரே மாதிரி எட்டு மணியாகத் தெரியும். வீட்டில் இரவு உட்காரும்போது வித்தியாசம் புரியும்.

உங்கள் துறையிலேயே இதற்கு வழி இருக்கும். இயற்பியல் மாணவர்களுக்கும் கணித மாணவர்களுக்கும் சார்புப் பாடத்தின் பாடத்திட்டம் ஒன்றே என்றால், இரண்டு பிரிவுகளையும் அந்த ஆசிரியைக்கே கொடுங்கள். புதிய பாடத்திட்டத்து இரண்டாமாண்டுத் தாளை, இப்போது கணிதப் பிரிவை எடுப்பவருக்கு மாற்றுங்கள். இருவருக்கும் மணி நேரம் மாறாது. ஆசிரியைக்கு 16 மணி அப்படியே இருக்கும். ஆனால் புதிதாகத் தயாரிக்க வேண்டியது 9 மணிக்கு மட்டும், அதாவது 18 மணி நேரம். இரண்டாம் பிரிவுக்கு மறுபார்வையாக 2 மணி நேரம் வையுங்கள். விடைத்தாள்கள் குறையாது; அந்த 4 மணி நேரம் தொடரும். மொத்தம் 40. அடுத்த ஆண்டும் அதே தாள்கள் அவரிடமே இருந்தால் தயாரிப்பு நேரம் பாதிக்குக் குறைந்து, ஆய்வுக்கான 6 மணி நேரம் தானாகக் கிடைத்துவிடும். தாள்களை ஆண்டுதோறும் கலைத்துப் போடும் வழக்கம் பல துறைகளில் நியாயத்தின் பெயரால் நடக்கிறது. அது எல்லோருடைய உழைப்பையும் ஆண்டுதோறும் முதலிலிருந்து தொடங்க வைக்கிறது. ஒருவரிடம் ஒரு தாள் மூன்றாண்டுகளாவது இருக்கட்டும். அதற்குப் பிறகு அது கைமாறவும் வேண்டும், இல்லாவிட்டால் அது அவருடைய சொத்தாகிவிடும்.

மூத்தவரின் கோரிக்கைக்கும் இந்தக் கணக்கே பதில் சொல்லும். அடுத்த ஒற்றைப்படைப் பருவத்தில் அவர் ஒரு முதுகலைத் தாளை விட்டுவிட்டு, 60 மாணவர்கள் உள்ள ஓர் இளங்கலைத் தாளை எடுத்துக்கொண்டால் அவருக்குக் கூடுவது 80 விடைத்தாள்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. அதற்கு ஈடாக, முனைவர் பட்டம் பெற்றும் முதுகலை வகுப்பின் வாசலையே பார்க்காமல் காத்திருக்கும் ஓர் உதவிப் பேராசிரியருக்கு வாய்ப்புக் கிடைக்கும். பள்ளியிலிருந்து நேரே வரும் முதலாண்டு மாணவர்களுக்கு வேதியியல் பிடித்துப்போவதும் வெறுத்துப்போவதும் அந்த முதல் பருவத்தில்தான் முடிவாகிறது. துறையின் மிகத் தேர்ந்த ஆசிரியர் அங்கே இருக்க வேண்டும் என்பதை நான் ஆழமாக நம்புகிறேன். அவரிடம் இதைக் குறையாகச் சொல்லாமல், அவருடைய அனுபவம் அங்கே தேவைப்படுகிறது என்ற உண்மையைச் சொல்லிக் கேளுங்கள்.

செய்முறை வகுப்புகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இப்போது எல்லாவற்றையும் கிரெடிட்டில், அதாவது ஒரு பாடத்துக்கு மாணவர் பெறும் மதிப்பலகில், பேசும் வழக்கம் வந்துவிட்டதால் ஆசிரியரின் சுமையையும் சிலர் கிரெடிட்டில் கணக்கிடத் தொடங்கியிருக்கிறார்கள். அது தவறு. ஒரு பருவத்தில் 15 மணி நேர விரிவுரை ஒரு கிரெடிட். செய்முறை என்றால் 30 மணி நேரத்துக்குத்தான் ஒரு கிரெடிட். இது மாணவரின் கற்றலை அளப்பது. ஆசிரியரை இதால் அளந்தால், ஆய்வகத்தில் மூன்று மணி நேரம் நின்றவருக்கு ஒன்றரை மணி நேரம்தான் எழுதப்படும். அதேபோல 60 மாணவர்களை இரண்டு அணிகளாகப் பிரித்துச் செய்முறை நடத்தினால் மாணவருக்கு அது 3 மணி நேரம். துறைக்கோ 6 மணி நேரம். அணிக்கு இரண்டு ஆசிரியர்கள் நின்றால் 12. உங்கள் 132 மணி நேரத்தில் இந்த அணிப் பிரிப்பு முழுவதுமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே சரிபாருங்கள். கால அட்டவணையில் நாளுக்கு 5 மணி, ஆறு நாள் சுற்று, வகுப்புக்கு 30 மணி என்று மாணவர் பக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே வந்தவர்கள் இந்த இடத்தில் தவறவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நிர்வாகப் பணிகளுக்கு விதியே வழி வைத்திருக்கிறது. நிர்வாகத்திலோ விரிவாக்கப் பணியிலோ ஈடுபடும் ஆசிரியர்கள், கற்பித்தல் நேரத்திலிருந்து வாரம் இரண்டு மணி நேரத்தை அதற்குச் செலவிடலாம் என்று 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் அனுமதிக்கின்றன. துறைத்தலைவராகிய உங்களுக்கு இது பொருந்தும். நாக் பணி, தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திறன் பயிற்சித் திட்ட ஒருங்கிணைப்பு, தேர்வுப் பணி ஆகியவற்றில் எவை உண்மையிலேயே நேரம் தின்பவை என்று துறைக் கூட்டத்தில் பேசி, அவற்றுக்கு மட்டும் இந்தச் சலுகையைக் கொடுங்கள். பெயரளவில் இருக்கும் குழுக்களுக்கும் கொடுத்தால் சலுகை பொருளற்றுப் போகும். நாக் கோப்புகள் அந்த இளம் ஆசிரியையிடமிருந்து இந்தப் பருவமே வேறொருவருக்குப் போக வேண்டும். கணினி நன்றாகத் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக இளையவர்களிடம் கோப்புகளைக் குவிப்பது நம் கல்லூரிகளில் மிகப் பரவலான, மிகக் குறைவாகப் பேசப்படும் அநியாயம்.

பருவத்துக்குப் பருவம் சமன் பார்ப்பதைவிட ஆண்டுக்குச் சமன் பார்ப்பது எளிது. பிரிட்டனில் 1992க்குப் பிறகு பல்கலைக்கழகத் தகுதி பெற்ற நிறுவனங்களின் பணி ஒப்பந்தத்தில் வாரத்துக்கு 18 மணி நேரம் என்ற வரம்போடு, ஆண்டுக்கு 550 மணி நேரம் என்ற வரம்பும் சேர்ந்தே இருக்கிறது. நாமும் அலுவலகத்துக்கு அனுப்பும் அறிக்கையை வாரக் கணக்கிலேயே வைத்துக்கொண்டு, துறைக்குள் ஓர் ஆண்டுப் பதிவேடு பராமரிக்கலாம். இந்தப் பருவத்தில் 18 மணி எடுத்த நால்வருக்கு இரட்டைப்படைப் பருவத்தில் அது ஈடுசெய்யப்படும் என்று எழுத்தில் இருந்தால், அவர்கள் அதை மனமுவந்து ஏற்பார்கள். வாய்மொழி உறுதியைக் கொடுக்காதீர்கள். அடுத்த ஜூனில் துறைத்தலைவரோ முதல்வரோ மாறினால் அது காற்றோடு போகும். தவிர, 18 மணி என்பதை ஆசிரியர்கள் எவ்வளவு கூர்மையாகப் பார்ப்பார்கள் என்பதற்கு முன்நிகழ்வும் உண்டு. 2016 மே மாதம் மானியக் குழு உதவிப் பேராசிரியரின் நேரடிக் கற்பித்தல் நேரத்தை 16லிருந்து 18 ஆக உயர்த்தியபோது தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் விடைத்தாள் திருத்தும் பணியைப் புறக்கணித்தார்கள். சில வாரங்களிலேயே பழைய அளவு திரும்பி வந்தது.

அந்த 8 மணி நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அறுவருக்கு 96, இருவருக்கு 28, ஆக உங்கள் துறையின் முறையான திறன் 124 மணி நேரம். 132ஐ 16ஆல் வகுத்தால் 8.25, ஒன்பதாவது பணியிடத்தை நியாயப்படுத்த அது போதாது. நிர்வாகப் பணிக்காக இருவருக்கு இரண்டிரண்டு மணி நேரம் விலக்கு அளித்தால் பற்றாக்குறை 12 ஆகிறது. இந்தப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு கௌரவ விரிவுரையாளரைக் கேட்பது முற்றிலும் நியாயமான கோரிக்கை. 2019இல் மானியக் குழு ஒரு விரிவுரைக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு 50,000 ரூபாய்க்கு மிகாமல் என்று அளவு வகுத்ததையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள். குறைந்த தொகைக்கு நிறைய வகுப்புகளை ஒருவர் தலையில் கட்டுவது உங்கள் துறையில் நடக்க வேண்டாம். வருகிறவருக்கு ஆளுக்கொரு மணி என்று எல்லோரும் கழித்துவிட்ட துண்டு வகுப்புகளைக் கொடுக்காமல், முழுத்தாள்களாக இரண்டு தாள்களும் ஒரு செய்முறையும் கொடுங்கள்.

இன்னொரு யோசனையும் உங்களிடம் வரும்: சார்புப் பாடத்தின் இரண்டு பிரிவுகளையும் ஒரே வகுப்பாக இணைத்துவிட்டால் 4 மணி நேரம் குறையுமே என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். 120 விடைத்தாள்கள் 120ஆகவே இருக்கும், பின்வரிசை மாணவர்களுக்குக் கரும்பலகை தெரியாது, அடுத்த பணியிட நிர்ணயத்தில் அந்த 4 மணி நேரமும் உங்கள் கணக்கிலிருந்து நிரந்தரமாக மறைந்திருக்கும். ஓய்வுபெறும் ஒருவரின் இடம் நிரப்பப்படாமல் போவதற்கு இப்படிப்பட்ட சிறு வசதிகளே பல இடங்களில் காரணமாகியிருக்கின்றன.

ஒதுக்கீட்டை எழுத்தில் துல்லியமாக வைப்பதற்கு ஆசிரியர்கள் பக்கத்திலும் காரணம் உண்டு. பணி மேம்பாட்டுக்கான மதிப்பீட்டில், ஒதுக்கப்பட்ட வகுப்புகளில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் எடுத்தவரின் கற்பித்தல் நன்று என்றும், 70க்குக் கீழே போனால் நிறைவில்லை என்றும் கொள்ளப்படுகிறது. தாளில் ஒருவர் பெயரில் இருக்கும் வகுப்பை இன்னொருவர் எடுக்கும் நட்பு ஏற்பாடுகள் பின்னாளில் இருவருக்குமே கெடுதலாக முடியும்.

நடைமுறையாக இப்படிச் செய்யுங்கள். கோடை விடுமுறை தொடங்கும் முன் ஒவ்வொருவரிடமும் விரும்பும் தாள்கள் மூன்றையும் இயலாதவை எவை என்பதையும் எழுதி வாங்குங்கள். பிறகு எட்டுப் பேருக்கும் ஒரே தாளில் பட்டியல் போடுங்கள்: வகுப்பு மணி, தனித்தனித் தாள்கள், அவற்றுள் புதியவை, மாணவர் எண்ணிக்கை, ஆய்வு மாணவர்கள், நிர்வாகப் பணி. மதிப்பெண் போட்டுக் கூட்டி ஒரே எண்ணாக ஆக்க முயல வேண்டாம். அந்த எண்ணைப் பற்றியே ஆண்டு முழுவதும் வாதம் நடக்கும். பட்டியலை எல்லோரும் ஒரே நேரத்தில், ஒரே மேசையில் பார்க்கட்டும். தம்முடையதை மட்டும் பார்ப்பவர் முறையிடுவார். எட்டுப் பேருடையதையும் பார்ப்பவர் பெரும்பாலும் தாமாகவே ஒரு மாற்றத்தை முன்மொழிவார். உங்கள் பெயர் பட்டியலின் முதல் வரியில் இருக்கட்டும், அதில் ஒரு முதலாண்டு வகுப்பும் இருக்கட்டும். மூத்தவரிடம் நீங்கள் கேட்கப்போவதை நீங்கள் முதலில் செய்திருக்க வேண்டும்.

கூட்டக் குறிப்பில் எட்டுப் பேரின் கையொப்பம் பெற்று, ஒரு படியை முதல்வருக்கு அனுப்புங்கள். அதனுடன் 132க்கும் 124க்கும் இடையிலான பற்றாக்குறையையும் கௌரவ விரிவுரையாளர் கோரிக்கையையும் தனிக் கடிதமாக இணைத்து, கல்லூரி திறப்பதற்கு முன்பே அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். கால அட்டவணை வெளியான பிறகு போகும் கோரிக்கை அடுத்த பருவத்துக்குத்தான் பேசப்படும்.